வெளிநாட்டு விற்பனையாளரிடம் 16 மி.மீ. பிரிண்ட்: பணத்தை எந்த வழியில் கொடுத்தால் திரும்பக் கேட்க முடியும்?

கீழவாசல் ரீல் (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த தமிழ்ப் படம் ஒன்றின் 16 மி.மீ. பிரிண்ட்டை, அதாவது புரொஜெக்டரில் ஓட்டும் படச்சுருள் பிரதியை, சிங்கப்பூரில் இருக்கும் தனிநபர் ஒருவர் 900 சிங்கப்பூர் டாலருக்கு ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கு வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போன தமிழ்ப் பிரிண்ட்டுகளில் சில இன்னும் அங்கேயே தனியாரிடம் கிடக்கின்றன என்பது இங்கிருக்கும் பலருக்கும் தெரியும் என்பதால், விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை.

செய்தி அனுப்பிய பிறகுதான் பேச்சு வேறு திசையில் போகிறது. தளத்துக்கு வெளியே முடித்துக்கொண்டால் தளத்தின் கட்டணம் மிச்சம், 100 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். பணத்துக்கு அவர் சொல்லும் வழிகள் மூன்று. சிங்கப்பூரில் உள்ள உறவினர் எவராவது அந்நாட்டின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியான பேநவ் மூலம் செலுத்தலாம். நானே யுபிஐ வழியாகப் பேநவ்வுக்கு அனுப்பலாம். அதுவும் இயலாவிட்டால், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பில் கார்டு விவரத்தைப் பதிந்து செலுத்தலாம். என் சித்தப்பா மகன் ஜூரோங்கில் வேலை பார்ப்பதால் முதல் வழிதான் எளிது என்று வீட்டில் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் காரியம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் பாஸ்புக் (வங்கிப்பணி ஓய்வு)

தம்பி, அவர் சொன்ன மூன்று வழிகளுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: பணம் போன பிறகு அதைத் திருப்பித் தருவது அவருடைய மனத்தை மட்டுமே பொறுத்ததாக இருக்கும். வெளிநாட்டில் பொருள் வாங்கும்போது நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். விற்பவர் நல்லவரா கெட்டவரா என்று மதுரையில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விற்பவர் கைவிரித்துவிட்டால் அவர் அல்லாத மூன்றாவது ஒருவர் பணத்தைப் பிடித்து இழுக்க முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே நாம் தீர்மானிக்கலாம்.

பேநவ் என்பது நம் யுபிஐ போலவே கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே போய்ச் சேரும் பணம். அனுப்பியவர் தானே சம்மதித்து அனுப்பியது என்பதால் வங்கி அதை வலுக்கட்டாயமாகத் திருப்ப முடியாது. உங்கள் சித்தப்பா மகன் அனுப்பினால், புகார் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். பொருள் வராதது உங்களுக்கு, பணம் போனது அவருக்கு, இடையில் உங்கள் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது. உறவுக்குள் மனவருத்தம் வேறு.

இரண்டாவது வழி அதைவிடச் சிக்கலானது. யுபிஐயும் பேநவ்வும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டபோது, தனிநபருக்குத் தனிநபர் பணம் அனுப்புவதற்காகவே அந்த ஏற்பாடு வந்தது. உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு போன்றவற்றுக்காக உருவான பாதை அது. பொருள் வாங்கும் பணத்தை அதில் அன்பளிப்பு என்று காட்டி அனுப்பிவிட்டு, பின்னர் "நான் வாங்கிய பொருள் வரவில்லை" என்று எந்த மேசையில் போய்ச் சொல்வீர்கள்?

மூன்றாவது வழி கார்டு என்பதால் பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு எந்த நிறுவனத்தின் பணம் பெறும் பக்கம் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவர் திருடரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ப்ளூரே பித்தன் (அண்ணாநகர், மதுரை)

ஐயா, ஓடிபி வராமல் பணம் போகாது என்றுதானே நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்? கார்டு எண் தெரிந்தாலும் ஓடிபி இல்லாமல் என்ன செய்துவிட முடியும்?

திருநகர் பாஸ்புக்

உள்நாட்டு வணிகரிடம் வாங்கும்போது அந்த நம்பிக்கை சரி. கார்டை நேரில் தேய்க்காமல் இணையத்தில் செலுத்தும்போது கூடுதல் உறுதிப்பாடு கேட்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் கட்டாயம் இந்திய வணிகர்களுக்குத்தான் பொருந்தி வந்திருக்கிறது. வெளிநாட்டுத் தளங்களில் பல, கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்துச் சிவிவி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டே பணத்தை எடுத்துவிடும். 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலின்படி, வெளிநாட்டு வணிகர் கேட்கும்போது கூடுதல் உறுதிப்பாட்டைச் செய்து தரும் வசதியைக் கார்டு வழங்கும் வங்கிகள் 2026 அக்டோபர் 1-க்குள் ஏற்படுத்த வேண்டும். "கேட்கும்போது" என்ற சொல்லைக் கவனியுங்கள். திருட்டுத் தளம் ஒருபோதும் கேட்காது.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் முதல் பூட்டு ஓடிபி அல்ல. கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான சுவிட்ச்தான். 2020 மார்ச் 16 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில் வருகின்றன. இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் நாம் திறந்துவிட்டால்தான் திறக்கும், அதற்கு உச்சவரம்பும் நாமே வைக்கலாம். வாங்கும் பொருளின் விலைக்குச் சற்று மேலாக வரம்பை வைத்து, பணம் செலுத்தும் அரைமணி நேரத்துக்கு மட்டும் திறந்து, உடனே மூடிவிடுவது என் வழக்கம். சிவிவி கசிந்தாலும் பூட்டிய கதவைத்தான் திருடன் தட்டிக்கொண்டிருப்பான்.

டெபிட் கார்டு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் போவது உங்கள் சேமிப்புப் பணம். வழக்கு முடியும்வரை கணக்கு காலியாகக் கிடக்கும். கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம் என்பதால், தகராறு நடக்கும் காலத்தில் உங்கள் வீட்டுச் செலவு தடைபடாது.

பழைய ப்ரொஜெக்டர் (திண்டுக்கல்)

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். திருநகர் ஐயா சொல்வது முழுவதும் சரி என்றாலும், அதை அப்படியே பின்பற்றினால் நல்ல பிரிண்ட்டுகளில் பாதி நமக்குக் கிடைக்காது. ஐரோப்பாவில் நல்ல பிரிண்ட் வைத்திருப்பவர்களில் பலர் எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு ஏலத் தளத்தில் கணக்கும் கிடையாது, பேபால் என்ற இணையப் பணச் சேவையும் கிடையாது. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் வந்ததும் பெட்டியை அனுப்புவார்கள். நான் திண்டுக்கல்லில் உள்ள வங்கிக் கிளையில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்) எழுதிக் கொடுத்து, வங்கிகளின் பன்னாட்டு வலையமைப்பான ஸ்விஃப்ட் மூலம் அவர்களுக்குப் பணம் அனுப்பி வருகிறேன், ஏமாந்ததில்லை. காரணம், புதியவரிடம் முதல் முறை இருபது முப்பது யூரோவுக்கு மேல் வாங்குவதில்லை. ஒரு சூப்பர் 8 துண்டுப் படம், ஒரு காலி ரீல், அவ்வளவுதான். அது ஒழுங்காக வந்தபிறகே பெரிய பேரம்.

இன்னொரு பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். பிரிண்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு "வரவில்லை" என்று பொய்ப் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருமுறை அடிபட்ட விற்பனையாளர், திரும்ப இழுக்க முடியாத பணத்தையே கேட்பார். அதை வைத்து அவரை மோசடிக்காரர் என்று முத்திரை குத்திவிட முடியாது.

திருநகர் பாஸ்புக்

திண்டுக்கல்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறிய கொள்முதலில் தொடங்கும் முறை வங்கிக்காரர்களாகிய நாங்கள் புதிய வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும்போது கடைப்பிடிப்பதுதான். ஆனால் ஸ்விஃப்டில் அனுப்பிய பணத்தைத் திரும்பக் கோரினால், பெற்றவர் சம்மதித்தால்தான் அவருடைய வங்கி திருப்பும் என்பதை அறிந்தே நீங்கள் அனுப்புகிறீர்கள். பல ஆண்டுப் பழக்கத்தின் மீது அது நிற்கிறது. கீழவாசல் தம்பிக்கும் இந்தச் சிங்கப்பூர்க்காரருக்கும் அப்படி ஒரு பழக்கம் இல்லை. மேலும் இவர் ஏற்கெனவே தளத்தில் கணக்கு வைத்திருப்பவர், தளத்துக்கு வெளியே வரச் சொல்கிறார். உங்கள் எழுபது வயதுக்காரரின் நிலையும் இவருடைய நிலையும் ஒன்றல்ல.

தளத்துக்கு வெளியே போவதால் என்ன இழப்பு என்று தம்பி கேட்கலாம். உதாரணமாக ஈபேயில் வாங்கினால், பொருள் வராவிட்டாலோ விவரித்தபடி இல்லாவிட்டாலோ பணம் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதம் உண்டு. ஆனால் பணத்தைத் தளத்தின் வழியாகவே செலுத்தியிருக்க வேண்டும். பேபாலில் தகராறு எழுப்ப 180 நாள் அவகாசம் உண்டு. நண்பருக்கோ குடும்பத்தாருக்கோ அனுப்புவதாகக் குறித்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 100 டாலர் தள்ளுபடி என்பது, இந்தப் பாதுகாப்பை உங்களிடமிருந்து அவர் விலைக்கு வாங்குவதுதான்.

புளிப்பு வாசம் (தெற்கு மாசி வீதி)

பணம் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் பிரிண்ட் பற்றிக் கேட்கிறேன், ஏனென்றால் பின்னால் "விவரித்தபடி இல்லை" என்று புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த விவரிப்புதான் சாட்சி. விளம்பரத்தில் எத்தனை ரீல் என்று போட்டிருக்கிறார்? படத்தின் நீளம் என்ன?

கீழவாசல் ரீல்

"முழுப் படம், 2 ரீல், நல்ல நிலை" என்று மட்டுமே இருக்கிறது. படம் வெளியானபோது சுமார் 165 நிமிடம் ஓடியிருக்கிறது. டப்பாக்களை அடுக்கி வைத்த படம் ஒன்றும், திரையில் ஓடும் காட்சி ஒன்றும் இணைத்திருக்கிறார்.

புளிப்பு வாசம்

அப்படியானால் கணக்கே உதைக்கிறது. 16 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 40 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 24 சட்டகம் என்ற பேசும் பட வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 1600 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 44 நிமிடம். 165 நிமிடப் படத்துக்கு 5940 அடி வேண்டும். அதாவது 1600 அடி ரீலில் நான்கு. அவரிடம் இருப்பவை 2000 அடி ரீல்கள் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு சேர்ந்து 111 நிமிடத்தைத் தாண்டாது. ஆகவே ஒன்று படம் முழுமையாக இல்லை, அல்லது அவரிடம் படமே இல்லை, அல்லது எதைப் பற்றியும் தெரியாமல் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து எடுத்து விற்கிறார். மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.

திரையில் ஓடும் காட்சியின் படம் எதற்கும் உதவாது. அதை யூடியூபிலிருந்தும் எடுக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது இது: ஒவ்வொரு ரீலிலிருந்தும் ஒரு முழ நீளம் பிரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைகளுக்கு அருகில் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகள் தெரியும்படி நெருக்கமாக எடுத்த படம். பக்கத்தில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதிய தாள் இருக்க வேண்டும். கோடாக் சுருளாக இருந்தால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் குறி என்று சிறு அடையாளங்கள் வரும். அவை சுருள் தயாரான ஆண்டைக் காட்டுபவை. அந்த வரிசை 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்றாலும், 1950-களின் அசல் பிரிண்ட் என்று சொல்லிப் பிற்காலத்து நகலைத் தள்ளிவிடுவதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வாசம். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருள் கெடத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி, ஓரம் அலையலையாக நெளியும். புரொஜெக்டரின் பற்களில் துளை உட்காராது. "வினிகர் நெடி இருக்கிறதா, இல்லையா" என்ற கேள்வியைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதிக் கேளுங்கள், தொலைபேசியில் கேட்காதீர்கள். அவர் "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புளித்துப்போன சுருளை அனுப்பினால், அந்த ஒற்றைச் சொல் உங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும். இங்கே வந்தபின், அமில ஆவி பட்டால் நிறம் மாறும் ஏ-டி சோதனைத் துண்டை டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தால், நீலம் பச்சையாகி மஞ்சளாகும் அளவைக் கொண்டு கெட்ட நிலையைப் படம் பிடித்துக் காட்டலாம்.

ஓர் உபரித் தகவல். 35 மி.மீ. பிரிண்ட் எதையாவது, அதுவும் 1951-க்கு முந்தைய சுருளை, எவரேனும் பார்சலில் அனுப்புகிறேன் என்றால் அது நைட்ரேட் என்ற பழைய வகைச் சுருளாக இருக்கக்கூடும். நைட்ரேட் எளிதில் தீப்பற்றும் பொருள். விமான அஞ்சலில் அனுப்பத் தகுந்ததல்ல. வழியில் பிடிபட்டால் சரக்கும் போகும், தகராறும் இழுக்கும். 16 மி.மீ.யில் அந்தக் கவலை இல்லை. அதுபோலவே 1931-இன் காளிதாஸ் போல, பிரதியே எஞ்சவில்லை என்று அறியப்பட்ட படங்களின் பிரிண்ட் இருப்பதாக அவ்வப்போது விளம்பரம் வருகிறது. கிடைத்தால் தமிழ்நாடே கொண்டாடும் என்பது வேறு விஷயம். அதற்கு முன்பணம் கேட்பவரிடம் ஓரத்து எழுத்தின் படத்தைக் கேளுங்கள், பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

ப்ளூரே பித்தன்

என் பிரச்சினை வேறு. நான் வாங்குவது பழைய சுருள் அல்ல, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிறு நிறுவனங்கள் வெளியிடும் வரையறுக்கப்பட்ட பதிப்பு ப்ளூரேக்கள். முன்பதிவின்போதே முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டி வர ஆறு மாதமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். பேபாலின் 180 நாள் அதற்குள் முடிந்துவிடுகிறது. கார்டில் 120 நாள் என்கிறார்கள். அப்படியானால் முன்பதிவே செய்யக்கூடாதா?

திருநகர் பாஸ்புக்

நல்ல கேள்வி, பலர் இந்த இடத்தில்தான் கதவு சாத்திவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். விசா வகைக் கார்டுகளில் "பொருள் கிடைக்கவில்லை" என்ற வகைத் தகராறுக்கு 120 நாள் என்பது பணம் எடுத்த நாளிலிருந்து மட்டும் எண்ணப்படுவதில்லை. பொருள் வந்து சேர வேண்டிய கடைசி நாளிலிருந்தும் எண்ணலாம், ஆனால் பணம் எடுத்த நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக்கூடாது. எனவே முன்பதிவு செய்யும்போது "வெளியீட்டு நாள்" என்று தளம் போட்டிருக்கும் பக்கத்தையும், வெளியீடு தள்ளிப்போவதாக அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் சேமித்து வையுங்கள். உங்கள் வங்கியின் கவுன்ட்டரில் இருப்பவர் "நாலு மாதம் ஆகிவிட்டது, இனி முடியாது" என்று சொல்லக்கூடும். எதிர்பார்த்த நாள் எது என்பதை எழுத்தில் காட்டி, எழுத்தில் பதில் கேளுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் சம்மதித்துச் செலுத்திய பணத்துக்குப் பொருள் வராதது ஒரு வழக்கு. உங்களுக்குத் தெரியாமலேயே கார்டிலிருந்து பணம் போனது வேறு வழக்கு. முதலாவதற்கு சார்ஜ்பேக், அதாவது கார்டு வழங்கிய வங்கியின் வழியாக வணிகரிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுப்பது. இரண்டாவதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வந்த விதி: வெளியார் செய்த மோசடியாக இருந்து, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பொறுப்பின் உச்சம் 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கை எதுவோ அதுதான். இரண்டாவது வகைக்கு இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் உடனே அழையுங்கள். இரண்டு வழக்கையும் கலந்து, தான் செலுத்திய பணத்தை "நான் செலுத்தவேயில்லை" என்று சிலர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு உண்மையான வழக்கும் தோற்றுப்போகும்.

பழைய ப்ரொஜெக்டர்

ப்ளூரே நண்பருக்கு ஒரு சொல். எந்தப் பகுதியின் கருவியில் தட்டு ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியைப் பார்க்காமல் வாங்கிவிட்டு "ஓடவில்லை" என்று தகராறு கொடுக்க இயலாது. அமெரிக்கத் தட்டு ஏ மண்டலம், பிரிட்டனுடையது பி மண்டலம், நம்முடையது சி. விளம்பரத்திலோ அட்டையிலோ அந்தக் குறி இருந்தால் விற்பவர் விவரித்தபடியே அனுப்பியிருக்கிறார் என்றுதான் தீர்ப்பு வரும். 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை.

அஞ்சல் பை (தல்லாகுளம்)

அஞ்சல் துறையில் இருப்பவன் என்ற முறையில், பணம் கட்டிய பிறகு நடப்பவற்றைச் சொல்கிறேன். ஏமாற்றின் பாதி அங்கேதான் நடக்கிறது.

பன்னாட்டு அஞ்சல் எண் என்பது இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்துக் குறி என்ற வடிவில் இருக்கும். சிங்கப்பூர் என்றால் எஸ்ஜி என்று முடியும். எண் உண்மையானதாகவே இருந்தும் ஏமாற்றலாம். உங்கள் ஊருக்கே வேறு எவருக்கோ போகும் சாதாரணத் தபாலின் எண்ணை உங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அஞ்சல் தளத்தில் "மதுரை, பட்டுவாடா ஆயிற்று" என்று வரும். உங்கள் கையில் எதுவும் இருக்காது. அப்போது பட்டுவாடா செய்த அஞ்சலகத்துக்குப் போய், அந்த எண் யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு, எவ்வளவு எடையில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். நான்கு ரீல் படச்சுருள் பல கிலோ தேறும். பதிவில் 150 கிராம் என்று இருந்தால், அந்த ஒரு வரியே உங்கள் சார்ஜ்பேக் வழக்கின் முதுகெலும்பு.

அடுத்தது, சுங்கத்தைக் குறைக்க "அன்பளிப்பு, 20 டாலர்" என்று சீட்டில் எழுதி அனுப்புகிறேன் என்பார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 2019 டிசம்பரிலேயே அன்பளிப்பு என்ற பெயரில் பொருள் வரவழைக்கும் சலுகை நிறுத்தப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. சரக்கு முடங்கும் அபாயம் ஒரு பக்கம் இருக்க, பார்சல் தொலைந்தால் காப்பீட்டுக்கோ இழப்பீட்டுக்கோ நீங்கள் காட்டக்கூடிய மதிப்பு அந்த 20 டாலர்தான். சுங்கம் என்பது பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் சேர்த்த மதிப்பின் மீது கணக்கிடப்படுவது. அதையும் சேர்த்துத்தான் பிரிண்ட்டின் விலையை மனத்தில் வைக்க வேண்டும்.

"உங்கள் பார்சல் சென்னை சுங்கத்தில் நிற்கிறது, 49 ரூபாய் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தியும் இணைப்பும் வரும். உண்மையிலேயே ஒரு பார்சலுக்காகக் காத்திருப்பவர்தான் அதில் விழுவார், அதனால்தான் இதை இந்த இழையில் சொல்கிறேன். அந்தத் தொகைக்காக அவர்கள் வருவதில்லை. கார்டு எண்ணுக்காக வருகிறார்கள். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், அஞ்சல் துறையின் தளத்தில் உங்கள் எண்ணை நீங்களே பதிந்து நிலையைப் பாருங்கள்.

ப்ளூரே பித்தன்

சென்ற மாதம் எனக்கு அதே செய்தி வந்தது. அன்றைக்கு உண்மையாகவே ஒரு பெட்டி வழியில் இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று பின்னர் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அனுப்புகிறார்கள் போலும்.

கீழவாசல் ரீல்

அனைவருக்கும் நன்றி. இதற்கிடையில் நடந்ததைச் சொல்கிறேன். ரீல் கணக்கையும் ஓரத்து எழுத்துப் படத்தையும் கேட்டு, தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு விளக்கம் வந்தது: காலஞ்சென்ற மாமனாரின் சேகரிப்பு, தனக்குப் படச்சுருள் பற்றி எதுவும் தெரியாது, இரண்டு ரீல்தான் இருக்கின்றன, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் 2 என்றும் 3 என்றும் எழுதியிருக்கிறது என்கிறார். அதாவது நான்கு ரீல் படத்தில் நடுவிலுள்ள இரண்டு. ஓரத்துப் படங்களையும் அனுப்பியிருக்கிறார், இங்கே இணைத்திருக்கிறேன். தாளில் என் பெயரைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். வினிகர் நெடி "சிறிதளவு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். தளத்தின் வழியாகவே, "முழுமையற்றது" என்று விளம்பரத்தைத் திருத்தி, 420 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார்.

புளிப்பு வாசம்

படங்களை இங்கே இட்டதற்கு நன்றி. ஓரத்துக் குறியும் எழுத்தின் வடிவமும் காலத்தோடு பொருந்துகின்றன. நெளிவு அதிகம் இல்லை. 420 என்பது தலையும் வாலும் இல்லாத படத்துக்குச் சற்று அதிகம்தான், ஆனால் அந்தப் படத்துக்கு வேறு பிரிண்ட் சந்தையில் வந்து நான் பார்த்ததில்லை. நானாக இருந்தால் வாங்குவேன். வந்ததும் மற்ற சுருள்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், நெடி மற்றதையும் தொற்றும்.

திருநகர் பாஸ்புக்

வாங்குவதென்று முடிவெடுத்தால் கவனிக்க வேண்டியது ஒன்று. "முழுமையற்றது" என்றும் "நெடி சிறிதளவு" என்றும் அவர் இப்போது எழுதிவிட்டதால், அவ்விரண்டையும் காரணம் காட்டி நீங்கள் பின்னால் பணம் கேட்க முடியாது. அது அவருக்கான பாதுகாப்பு, நியாயமானதும்கூட. ரீல் வராமல் போனாலோ, வேறு படம் வந்தாலோ, சுருள் ஒட்டிக் கட்டியாகி வந்தாலோ உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. திருத்திய விளம்பரப் பக்கத்தை முழுமையாகப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள்.

பணம் செலுத்தும் பக்கத்தில் ரூபாயில் காட்டவா, சிங்கப்பூர் டாலரில் காட்டவா என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டுவதாகச் சொல்லி அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். வங்கியும் ஃபாரெக்ஸ் மார்க்கப் (நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணம்) என்று பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு.

கீழவாசல் ரீல்

அப்படியே செய்தேன் ஐயா. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பை 35,000 ரூபாயில் வைத்து, தளத்தின் வழியாகவே செலுத்திவிட்டேன். ஒரு ஐயம் மட்டும் மிச்சம். இப்போது சுவிட்ச்சை மூடிவிட்டால், பின்னால் அவர் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் அது உள்ளே வருமா?

திருநகர் பாஸ்புக்

வரும். சுவிட்ச் தடுப்பது புதிதாக வெளியே போகும் பணத்தை மட்டுமே. திரும்ப வரும் பணத்துக்கு அது குறுக்கே நிற்காது. இன்றே மூடிவிடுங்கள். ஆனால் திரும்பி வரும்போது அன்றைய மாற்று விகிதத்தில்தான் வரவு வைப்பார்கள் என்பதால், போன ரூபாயும் வந்த ரூபாயும் ஒன்றாக இருக்காது. பிடித்த மார்க்கப்பைத் திருப்பித் தருவதும் வங்கிக்கு வங்கி மாறும்.